ஆறு காலி மனை அல்ல: எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

பேரூராட்சித் தலைவர், செயல் அலுவலர், வார்டு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

கடந்த மன்றக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தை அறிவிப்புப் பலகையில் படித்தேன். பாலாற்றங்கரையில் சேர்ந்து கிடக்கும் குப்பையை ஜேசிபி விட்டுச் சமன் செய்வது, மேலே கிராவல் மண் பரப்புவது, குப்பையைப் பிரித்து உரமாக்கும் வளம் மீட்பு பூங்காவின் இயந்திரம் பழுது நீங்கும் வரை அதே இடத்தைத் ‘தற்காலிக’க் கிடங்காக வைத்துக்கொள்வது, பாலத்தில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி தகரத் தடுப்பு அடிப்பது. நான்கும் ஒரே தீர்மானம், ஒருமனதாக. எதிர்த்து ஒரு கேள்விகூட எழவில்லை என்று கூட்டத்துக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள்.

இதை ஏற்க முடியாது. ஊர்ப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், ஊர்க்காரர்களுக்கும் தெரியும். பாலாற்றங்கரையில் வேறு ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்கள், தங்கள் ஊர்ப் பாலத்தில் நின்று ஒருமுறை கீழே எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் இந்த ஊரின் குடிநீர் மோட்டார் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆற்றுக்குள் இருக்கும் உறைகிணற்றிலிருந்து தண்ணீரை ஏற்றி, மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து, தெருத்தெருவாக வால்வு திறந்துவிட்டது என் பிழைப்பு. கரண்ட் போய்த் தண்ணீர் தாமதமானால் ராத்திரியில் என் வீட்டுக் கதவைத் தட்டியவர்களின் பிள்ளைகள்தான் இன்று மன்றத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகவே சட்டம் பேசுவதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான்.

வேலூர்ப் பக்கத்து ஆட்களைக் கிண்டல் செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு: சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, மரம் இல்லாத மலை, தண்ணீர் இல்லாத ஆறு. கோட்டைக்குள் ஜலகண்டேசுவரரை 1981இல் திரும்பக் கொண்டுவந்து வைத்ததும் முதல் கிண்டல் பொய்யாகிவிட்டது. கடைசிக் கிண்டல் எந்தக் காலத்திலும் உண்மையாக இருந்ததில்லை. பாலாறு மேலே வறண்டு கிடக்கும்போதும் மணலுக்குக் கீழே தண்ணீர் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. அதை நம்பித்தான் நம் முன்னோர் கோடையில் மணலைக் கீறி ஊற்றுக்கால் வெட்டி நெல்லுக்குப் பாய்ச்சினார்கள். நம் உறைகிணறும் அந்தத் தண்ணீரைத்தான் எடுக்கிறது.

கிணற்றுக்குள் இறங்கிப் பார்த்தவர்கள் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள் என்பதால் சொல்கிறேன். உறையின் சுவரில் வரிசையாகத் துளைகள் இருக்கும். சுவருக்கு வெளியே சரளைக்கல், அதற்கு வெளியே ஆற்று மணல். வடிகட்டி என்று நமக்கு இருப்பதே அந்த மணல்தான். சேற்றைப் பிடிக்கும், கிருமியிலும் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். தண்ணீரில் கரைந்து வருவதைப் பிடிக்காது. மணலை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போன பிறகு சில இடங்களில் கீழே களி தெரிகிறது. ஏற்கெனவே மெலிந்துபோன வடிகட்டி. அதன் தலைமேல்தான் இப்போது குப்பையைப் பரப்பி மண் போட்டு மூடப்போகிறீர்கள்.

மூடினால் என்ன ஆகும்? உள்ளே மக்குவது நிற்காது. காற்றுப் புகாமல் அழுகும், மழை இறங்கும்போதெல்லாம் கறுப்பாக ஒரு சாறு கீழே வடியும். அதில் அம்மோனியா இருக்கும், உப்பு இருக்கும், பேட்டரியிலிருந்தும் டியூப் லைட்டிலிருந்தும் கரைந்த ஈயமும் பாதரசமும் இருக்கும். அம்மோனியா மண்ணுக்குள் நைட்ரேட்டாக மாறும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று இந்தியத் தரநிர்ணயம் சொல்கிறது. தாண்டினால் முதலில் அடி வாங்குவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை. பிளீச்சிங் பவுடர் போடுகிறோமே என்று மேற்பார்வையாளர் ஒருவர் என்னிடம் சொன்னார். ஐயா, பிளீச்சிங் பவுடர் கிருமியைத்தான் கொல்லும். ஈயத்துக்கும் நைட்ரேட்டுக்கும் அது ஒன்றும் செய்யாது. எத்தனை மூட்டை கரைத்தாலும் அப்படித்தான்.

அந்தக் கிணற்றுக்கும் உங்கள் குப்பை மேட்டுக்கும் நடுவே இருக்கும் தூரம், இங்கே நின்று கூப்பிட்டால் அங்கே கேட்கும் தூரம்.

தீர்மானத்தைப் படித்த மறுநாள் அந்த மேட்டைச் சுற்றி நடந்தேன். மேலாகக் கிடந்தது முந்தின முகூர்த்தத்து வாழை இலை. இலைக்குள்ளேயே சின்னத் தண்ணீர் பாட்டில், பேப்பர் கப், வெற்றிலைப்பாக்குப் பை. அதன் கீழே கோழிக்கடைக் கழிவு, கேரி பேக்கில் முடிச்சுப் போட்டது. நாய் கிழித்த இடத்தில் புழு. அதற்கும் கீழே, சரிவு உடைந்த பக்கத்தில், ஷூவுக்கு வெட்டியது போக மிஞ்சிய தோல். பாதத்தின் வடிவில் ஓட்டை ஓட்டையாகக் கத்தி இறங்கிய துண்டுகள். தோல் தொழில் நடக்கும் நம் பக்கத்துக் குப்பை என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம். பக்கத்தில் டயாப்பர், பழைய மாத்திரை அட்டை, ஊசி போட்ட சிரிஞ்ச் இரண்டு மூன்று. யார் கொண்டுவந்து போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. ஊசி குப்பையோடு சேர்ந்து வரவே கூடாது, அதற்குத் தனி விதியும் தனி வண்டியும் உண்டு என்பது மட்டும் தெரியும். ஒரு பசு அந்த மேட்டின் மேல் நின்று, இலையையும் பையையும் சேர்த்தே மென்றுகொண்டிருந்தது. யார் வீட்டுப் பசு என்பதும் தெரியும். அதன் பால் எந்தத் தெருவுக்குப் போகிறது என்பதும் தெரியும்.

2021 நவம்பரை மறந்துவிட்டீர்களா? பாலாறு கரை தொட்டு ஓடியபோது நான் பணியில்தான் இருந்தேன். வாணியம்பாடிப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த 1903 வெள்ளத்துக்குப் பிறகு இப்படி ஒரு தண்ணீரை இந்த ஆறு பார்த்ததில்லை என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். நம் மோட்டார் அறைக்குள் தண்ணீர் புகுந்து ஸ்டார்ட்டர் பெட்டி வரை ஏறியது. நீங்கள் கிடங்காக்கப் பார்க்கும் இடம் முழுக்க முழுகிக் கிடந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பாலத்துத் தூண்களிலும் கருவேல முள்ளிலும் ஆள் உயரத்துக்கு மேலே பிளாஸ்டிக் பைகள் தொங்கியதை ஊரே பார்த்தது. இடம் ‘சுத்தமாகிவிட்டது’ என்று அப்போது சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டதும் நினைவிருக்கிறது. சுத்தமாகவில்லை. கீழே இருக்கிற ஊர்களுக்குப் போனது. தடுப்பணையில் தங்கியது போக மிச்சம், வாயலூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போனது. கடற்கரையில் குப்பை என்று செய்தியில் படம் காட்டும்போது சென்னைக்காரர்களை வைகிறோம். அதில் நம் ஊர்க் கல்யாணத்துத் தண்ணீர் பாட்டிலும் கிடக்கும்.

இனி விதிக்கு வருகிறேன். மத்திய அரசு 2016இல் கொண்டுவந்து, 2026இல் புதிய விதிகள் வரும் வரை நடப்பில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், கிடங்கு எங்கே இருக்கலாம் என்று அளந்தே சொல்லியிருந்தன. ஆற்றிலிருந்து 100 மீட்டர். குளம், நெடுஞ்சாலை, குடியிருப்பு, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200 மீட்டர். கடந்த 100 ஆண்டுகளில் வெள்ளம் பரவியதாகப் பதிவான வெளியில் கிடங்குக்கு அனுமதியே இல்லை என்றன. நீங்கள் தேர்ந்த இடம் ஆற்றிலிருந்து 100 மீட்டரில் இல்லை, ஆற்றிலேயே இருக்கிறது. கிணற்றுக்கும் பக்கம். வெள்ளம் பார்த்து நூறு ஆண்டு ஆகவில்லை, 2021 நேற்றுப்போல இருக்கிறது. தெருவிலோ, வாய்க்காலிலோ, நீர்நிலையிலோ குப்பையைக் கொட்டவோ எரிக்கவோ புதைக்கவோ கூடாது என்று அதே விதிகள் வீட்டுக்காரனுக்குச் சொல்லின. அதை வைத்துத்தான் என் தெருவில் ஒரு மாவு அரைக்கும் கடைக்காரருக்கு அபராதச் சீட்டுக் கொடுத்தீர்கள். கொடுத்தது சரி. பேரூராட்சியே ஆற்றில் புதைத்தால் சீட்டு எழுதுவது யார்?

இன்னொன்றும் உண்டு. ஆற்றுப் புறம்போக்கு பேரூராட்சியின் சொத்து அல்ல. தண்ணீர் இல்லாத நாளில் காலி மனைபோலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் ஒரு வரலாறு இருக்கிறது. ராணிப்பேட்டையில் எப்போதோ மூடிவிட்டுப் போன ஆலை ஒன்றின் குரோமியக் கழிவு, லட்சம் டன்னுக்கும் மேல், முப்பது வருடத்தை எட்டிய பிறகும் மேடாகக் கிடந்து நிலத்தடி நீரில் இறங்கியதை மாவட்டமே அறியும். அதையும் யாரும் நிரந்தரமாக இருக்கட்டும் என்று கொட்டியிருக்க மாட்டார்கள். நம் ஊரிலும் வளம் மீட்பு பூங்காவின் அரவை இயந்திரம் பழுதாகி எவ்வளவு காலம் ஆயிற்று என்று மன்றத்தில் ஒருவராவது கேட்டீர்களா? உரத்தொட்டிகளில் செடி முளைத்துக் கிடக்கிறது. தார்ப்பாய் போட்டு மூடிய எடைமேடை மேல் வாட்ச்மேன் துணி காயப்போடுகிறார். இயந்திரம் ரிப்பேர் ஆவதற்குத் தேதி போடாத தீர்மானத்தில், கிடங்கு முடிவதற்கும் தேதி இல்லை.

“ஜனங்களுக்கு ஒழுக்கம் இல்லை, பிரித்துக் கொடுப்பதில்லை” என்று நீங்கள் சொல்வீர்கள். ஓரளவுக்கு உண்மை. காரை நிறுத்திப் பாலத்தின் மேலிருந்தே பையை வீசுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் எங்கள் தெருவில் பெண்கள் மக்கும் குப்பையை ஒரு கூடையிலும் மக்காததை இன்னொரு கூடையிலும் ஒழுங்காகப் பிரித்துத்தான் கொடுத்தார்கள். பேட்டரி வண்டியில் இரண்டும் தனித்தனியாகத்தான் ஏறின. தெருமுனையில் நின்ற டிராக்டரில் இரண்டும் ஒன்றாகக் கொட்டப்பட்டன. வண்டி தள்ளுகிற அம்மாவைக் கேட்டேன். “இன்னாண்ணா பண்றது, நாங்க பிரிச்சி எட்த்துகினு வந்தாலும் மேஸ்திரி ஒரே டிராக்டர்லதான் கொட்டச் சொல்றாரு. இடம் இல்லியாம்” என்றார். கையுறை போட்டிருந்தார், விரல் நுனியெல்லாம் கிழிந்து. அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிரித்ததை எதிரிலேயே கலந்து கொட்டுவதைப் பார்த்த பெண்கள் அடுத்த மாதம் பிரிப்பதை விட்டுவிட்டார்கள். அவர்கள் மேலும் குறையில்லை. சொத்து வரியோடு குப்பைக்கும் சேர்த்துக் கட்டணம் வாங்குகிறீர்கள். பிரிக்கவும் செய்து, பணமும் கட்டி, கலந்ததைக் குடிதண்ணீர்க் கிணற்றடியில் பார்க்க வேண்டும் என்றால் எந்த வீட்டுக்காரிக்கு மனம் வரும்?

உண்மையில் ஆற்றுக்கு வரும் குப்பையில் பெரிய பங்கு வீடுகளுடையது அல்ல. ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆற்றுச் சாலையில் நின்று பாருங்கள். முகூர்த்த நாளென்றால் மண்டபங்களிலிருந்து குட்டியானை வண்டிகள் வரிசையாக இறங்கும். ஒரு நாளைக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேர்க்கிறவர் பெருமளவுக் கழிவு உண்டாக்குபவர், அவர் தன் கழிவுக்குத் தானே வழி செய்ய வேண்டும் என்பதும் 2016 விதிகளில் இருந்ததுதான். இலையையும் மிச்சச் சோற்றையும் மண்டபத்தின் பின்புறமே உரமாக்கலாம், மாட்டுக்காரருக்குக் கொடுக்கலாம். பாட்டிலுக்கு இரும்புக்கடைக்காரர் காசே கொடுப்பார். அதற்கு ஒரு ஆள் கூலி செலவாகும். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கத்தான் வண்டி ஆற்றுக்கு வருகிறது. மண்டப உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இதை ஒரு கேள்வியாகக்கூட நீங்கள் கேட்பதில்லை. மண்டபக்காரர்களில் இரண்டு பேர் மன்றத்துக்கு வேண்டியவர்கள் என்று ஊரில் பேச்சு. பேச்சுதான். நான் அதற்குள் போகவில்லை.

தோல் துண்டு விஷயம் இன்னும் மோசம். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் மேட்டில் தீ வைக்கிறார்கள். வைப்பது யார் என்று கேட்டால் “தானா பத்திக்கிச்சு” என்பது பதில். குரோம் போட்டுப் பதனிட்ட தோலை எரித்தால், சாதுவாக இருக்கும் குரோமியம் நஞ்சு கூடிய வகையாக மாற வாய்ப்புண்டு. பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் வரும். புகை கிழக்கே திரும்பினால் பள்ளிக்கூடம், மேற்கே திரும்பினால் ஆரம்ப சுகாதார நிலையம். எந்தப் பக்கம் வீசினாலும் யாராவது இருமுகிறார்கள். தகரத் தடுப்பு புகையை மறைக்குமா?

அந்தத் தகரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆறு நமக்குப் பொது இடம். மாசியில் மயானக் கொள்ளைக்கு அம்மன் தேர் ஆற்றுக்குள்தான் இறங்குகிறது. ஆடிப் பதினெட்டுக்குப் பெண்கள் அங்கேதான் விளக்கு விடுகிறார்கள். சாவு விழுந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் அங்கேதான். போன மாதம் என் சொந்தக்காரர் ஒருவரின் காரியத்துக்குப் போயிருந்தோம். தர்ப்பை விரிக்க ஒரு பாய் அளவு சுத்தமான தரை கிடைக்கவில்லை. பையன்கள் கையாலேயே கண்ணாடிச் சில்லைப் பொறுக்கி ஒதுக்கிய பிறகுதான் ஐயர் உட்கார்ந்தார். தலை முழுக, குடத்தில் குழாய்த் தண்ணீர் கொண்டுபோயிருந்தோம். ஆற்றங்கரையில் காரியம், தண்ணீர் மட்டும் வீட்டுக் குழாயிலிருந்து! பாலத்திலிருந்து பார்ப்பவர்கள் கண்ணுக்குத்தான் தகரம். இறங்கி வருகிறவர்களுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? மயானக் கொள்ளை எந்த நாள் என்பது பஞ்சாங்கத்தில் ஒரு வருடம் முன்பே இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும் என்பதும் தெரியும். ஒரு வருடமாவது முன்கூட்டித் தொட்டி வைத்தீர்களா, மறுநாள் காலை கூடுதல் ஆள் விட்டீர்களா? கூட்டம் போட்டுவிட்டுப் போனதை எல்லாம் பொக்லைன் கரைச் சரிவில் தள்ளியதைத்தான் பார்த்தோம்.

மனுக்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்வு நாளில் கொடுத்தேன். முதல்வரின் முகவரிக்கும் அனுப்பினேன். இரண்டும் சுற்றிச் சுற்றி உங்கள் மேசைக்கே வந்து சேர்ந்தன, வரத்தான் செய்யும். பதில் வந்தது: “மனுதாரர் கோரிக்கை மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு அவ்விடம் தூய்மை செய்யப்பட்டது.” கூடவே ஒரு புகைப்படம். படத்தில் சுத்தமாக இருந்தது ஆற்றங்கரை இல்லை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சந்து. பின்னால் தெரிந்த டீக்கடை போர்டை வைத்தே சொல்லிவிடலாம். மனுவை முடித்து வைத்தாயிற்று. இதற்கு மேல் மனு எழுதி என்ன பயன் என்பதால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பணமில்லை, இடமில்லை, முடியாது என்பீர்கள். குப்பையைப் பிரித்தால் பணம் என்று நாட்டுக்கே காட்டியது நம் வேலூர். வேலூர் சீனிவாசன் என்று வெளி மாநிலங்களில் அறியப்பட்டவர் இங்கே வடிவமைத்த திட திரவ வள மேலாண்மை முறையைச் சத்தீஸ்கரின் அம்பிகாபூர் எடுத்துக்கொண்டது. அங்கே சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடுவீடாக வாங்கி, மையத்தில் வகைவகையாகப் பிரித்து விற்கிறார்கள். ஊர் ஓரத்தில் நாறிக் கிடந்த திறந்தவெளிக் கிடங்கு பூங்காவாகிவிட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் நம்மிடம் கற்றுக்கொண்டு செய்கிறார்கள். நாம் கிராவல் மண்ணுக்கு டெண்டர் விடுகிறோம். ஆளில்லை என்றும் சொல்ல வேண்டாம். கணியம்பாடிப் பக்கம் நாகநதியில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள்தான் நீர் செறிவூட்டும் உறைகள் இறக்கி ஆற்றுக்கு உயிர் கொடுத்தார்கள். கல்யாணத்தின்போது கோட்டைப் பூங்காவைச் சுற்றிப் பார்க்க வரும் விருந்தாளிகளுக்குச் சொல்லிக்கொள்ள நம்மிடம் இவ்வளவு இருக்கிறது.

சட்டத்திலும் அப்படித்தான். தோல் கழிவு பாலாற்றில் கலந்ததை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்புச் சொன்னது. மாசு செய்தவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ்பட்டதாக அந்த வழக்கில் பதிவாகியிருக்கிறது. சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் நாடெங்கும் நம் மாவட்டத்தின் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பாடத்தைப் படிக்கிறார்கள். 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம், பாலாற்று மாசால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுத்து அதை மாசு செய்தவர்களிடம் வசூலிக்கச் சொல்லியிருக்கிறது. அந்த வழக்குகளில் எதிரே நின்றது தொழிற்சாலைகள். அடுத்த வழக்கில் எதிர்மனுதாரராக நம் பேரூராட்சியின் பெயர் வருவதை நான் விரும்பவில்லை. ஆனால் கிராவல் லாரி ஆற்றில் இறங்கினால் வரும்.

நாங்கள் கேட்பது இவைதான்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை முழுதாக ரத்து செய்யுங்கள். திருத்தம் வேண்டாம், ரத்து. ஜேசிபிக்கும் கிராவலுக்கும் தகரத்துக்கும் ஒதுக்கிய பணத்தை அரவை இயந்திரத்தைப் பழுது பார்க்கவும், மக்கும் குப்பைக்கும் மக்காததற்கும் டிராக்டரில் தனித்தனித் தடுப்பு வைக்கவும் திருப்பிவிடுங்கள். இயந்திரம் என்றைக்கு ஓடும் என்று தேதி போட்டுத் தீர்மானத்தில் எழுதுங்கள்.

இன்றிலிருந்து ஆற்றில் ஒரு வண்டிக் குப்பைகூட இறங்கக் கூடாது. இருக்கிற மேட்டை மூடாமல், தோண்டிச் சலித்துப் பிரித்து எடுக்கும் பயோமைனிங் முறையில் அகற்றக் கருத்துரு அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், கிணற்றை ஒட்டிய பக்கத்தையாவது முதலில் எடுத்தாக வேண்டும்.

உறைகிணற்றுத் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நைட்ரேட், குரோமியம், ஈயம், மொத்தக் கரைந்த உப்பு இவற்றுக்குப் பரிசோதித்து, முடிவை மேல்நிலைத் தொட்டிச் சுவரில் எழுதுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. தண்ணீர் மாதிரி எடுக்கும்போது கூட வர நான் தயார். எந்த வால்விலிருந்து எடுத்தால் கிணற்றுத் தண்ணீர், எதிலிருந்து எடுத்தால் காவிரிக் கூட்டுக் குடிநீர் கலந்தது என்பது எனக்குத் தெரியும்.

மண்டபங்கள், பெரிய ஓட்டல்கள், கோழிக்கடைகள், தோல் வெட்டும் யூனிட்கள் தங்கள் கழிவை எங்கே கொடுக்கின்றன என்று ரசீதோடு காட்டினால் மட்டுமே உரிமம் புதுப்பியுங்கள். ஆற்றில் பிடிபடும் வண்டிக்கு அபராதம் போடும்போது டிரைவர் பையனை விட்டுவிட்டு, வண்டியை அனுப்பியவர் பெயரில் போடுங்கள்.

தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும் பூட்ஸும் கிழிந்தவுடன் மாற்றிக் கொடுங்கள். வருடத்துக்கு ஒருமுறை புகைப்படத்துக்காகக் கொடுப்பது போதாது. பிரித்ததைக் கலக்கச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள்.

மயானக் கொள்ளைக்கும் ஆடிப் பதினெட்டுக்கும் முன்பே தொட்டி, ஆள், வண்டி என்று ஒரு பக்கத் திட்டம் எழுதி ஒட்டுங்கள். காரியம் செய்யும் படித்துறையை மட்டுமாவது வேலி போட்டுத் தனியே காப்பாற்றி, பழைய துணிக்கும் பானைக்கும் ஒரு கூண்டு வையுங்கள்.

என் மனுவுக்குப் போட்ட பொய்ப் பதிலைத் திரும்பப் பெற்று, சரியான இடத்தின் படத்தோடு புதிதாகப் பதில் கொடுங்கள்.

இவற்றில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்பதைப் பகுதி சபாவைக் கூட்டி எங்கள் முன்னால் சொல்லுங்கள். கூட்டத்துக்கு நாங்கள் வருவோம். அதற்குள் லாரி இறங்கினால், நீர்வளத்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் இந்த மடலோடு படங்களையும் இணைத்து அனுப்புவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிநீர் மோட்டார் ஆபரேட்டர்,
ஆற்றுத் தெரு.

நகல்: மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பேரூராட்சிகளின் உதவி இயக்குநர் அவர்களுக்கும்.